பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கேட்கிறார்: "2017-இல் வாங்கிய மடிக்கணினி வைத்திருக்கிறேன். ஐ5 சிப், 8 ஜிபி மெமரி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து வேலையைத் தொடங்குவதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வேறு வருகிறது. கடையில் கேட்டால், விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். கேள்வித்தாள் தட்டச்சு செய்வது, டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்), வங்கி வேலை, இவ்வளவுதான் என் பயன்பாடு. மகன் இதில்தான் பைத்தான் நிரல்மொழி கற்கிறான். அவனோ கேமிங் லேப்டாப் கேட்கிறான். என்ன செய்வது?"

இப்போதைக்குப் புதிது வாங்க வேண்டாம், டீச்சர். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். கணினி மெதுவாக ஓடுவதற்குக் காரணம் வேறு, விண்டோஸ் 10-இன் கெடு வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதால்தான் புதுக் கணினி ஒன்றே வழி என்று தோன்றுகிறது.

முதலில் கெடுவைப் பார்ப்போம். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து 'சிஸ்டம்' என்பதைத் திறந்தால் சிப்பின் பெயர் தெரியும். ஐ5-7200 என்பதுபோல் இருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கமான 7தான் தலைமுறை. இன்டெல் சிப்பாக இருந்தால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாப்ட் அனுமதிக்கிறது. அந்த வகையில் கடைக்காரர் சொன்னது சரி. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன.

ஆனால் வீட்டுப் பயனாளர்களுக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும், பதிவு செய்துகொண்டால் போதும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போங்கள். 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு அங்கேயே இருக்கும். மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்து, கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. அது வேண்டாம் என்றால் 30 அமெரிக்க டாலர் கட்டலாம். இணைப்பு கண்ணில் படவில்லையா? உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்புக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு இந்த நீட்டிப்பு கிடையாது.

"குரோம் புதுப்பித்துக்கொண்டுதானே இருக்கிறது, ஆன்டிவைரஸும் ஓடுகிறது, அப்புறம் எதற்கு இது?" என்று பலர் கேட்கிறார்கள். பிரவுசர் தன் ஓட்டையை மட்டும்தான் அடைத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் விண்டோஸின் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீம்பொருள் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளும், ஆதரவு நின்றுபோன பழைய விண்டோஸில் ஓடியவையும்தான் மாட்டிக்கொண்டன. வங்கி வேலை பார்க்கும் கணினி என்பதால் இந்தப் பதிவை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

சில கடைகளில், மைக்ரோசாப்டின் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்பார்கள். போட முடியும், ஓடவும் செய்யும். ஆனால் தகுதி இல்லாத கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. கூடவே, உரிமம் இல்லாத விண்டோஸைத் திறக்கும் ஆக்டிவேட்டர் ஒன்றையும் ஏற்றிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றச் சொல்லும் எந்த மென்பொருளும் உங்கள் வங்கிக் கணக்கு இருக்கும் கணினிக்குள் வரவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இனி, அந்தப் பத்து நிமிடம். கடைக்குப் போகும் முன் இதை நீங்களே பார்த்துவிடுங்கள். கணினியை ஆன் செய்து, உள்ளே நுழைந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள். மேலே 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தில் சிபியு (அதுதான் சிப்), மெமரி, டிஸ்க் மூன்றும் வரிசையாக இருக்கும். சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அநேகமாக இந்தக் காட்சிதான் தெரியும். உங்கள் சிப்புக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. டிஸ்க் கொண்டுவந்து கொடுப்பதற்காக அது காத்துக்கொண்டிருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன்மேல் ஒரு முனை இங்கும் அங்கும் நகர்ந்து தகவல்களைப் படிக்கிறது. பெரிய வீடியோ ஒன்றை வரிசையாகப் படிக்க அது போதும். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தட்டின் மூலைக்கொன்றாகத் தேடி எடுக்கிறது. அப்படித் தாவித் தாவி எடுப்பதில் சுழலும் டிஸ்க்கால் வினாடிக்கு நூறு சொச்சம் முறைதான் முடியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது என்பதால் அதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். அதனால்தான் மெமரியைக் கூட்டியும், கிளீனர் மென்பொருள் போட்டும் தீராத மந்தம், டிஸ்க்கை மாற்றிய அன்றே தீர்ந்துவிடுகிறது. பழைய கணினிக்குச் செய்யும் செலவில் எதற்கு முதலிடம் என்று கேட்டால், இதற்குத்தான்.

பினாங்குத் தீவில் கொம்தார் பக்கம் போனாலும் சரி, கோலாலம்பூர் வரும்போது லோ யாட் பிளாசாவில் கேட்டாலும் சரி, "2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து தர வேண்டும்" என்று கேளுங்கள். குளோன் செய்தால் உங்கள் மென்பொருள், எழுத்துருக்கள், கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். 500 ஜிபி உங்களுக்குத் தாராளம், ஆனால் இப்போது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2025 இறுதியிலிருந்து மெமரி சிப்புகளின் விலை உலகெங்கும் ஏறியிருப்பதால் இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். அதே விலையேற்றம் புதுக் கணினிகளையும் தொட்டிருக்கிறது. இருப்பதை ஓட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடையில் கணினியைக் கொடுக்கும் முன் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள். எட்டு ஆண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க் குளோன் செய்யும்போதே கையை விரிக்கலாம்.

தமிழில் வேலை செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அமைந்த லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000 வருவதற்கு முன்பும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், ஆங்கில எழுத்துகளுக்கும் மற்ற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழைத் திணித்த எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். பாமினி, திஸ்கி, டேப் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். பழைய கேள்வித்தாள்கள் அப்படிப்பட்டவையாக இருந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த வெறும் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். சி டிரைவில், விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கிறது. அதிலிருந்து அந்த எழுத்துருக்களை இப்போதே தனியாக நகலெடுத்து வைத்துக்கொண்டால் எந்தக் கணினியிலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவதுதான். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருள் அதைச் செய்யும். நிறைய கோப்புகள் என்றால் மகனிடம் கொடுங்கள். பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு இருக்கிறது, பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றும் வசதி அதிலேயே உண்டு. கட்டங்களும் படங்களும் மாறி வராது, எழுத்து மட்டும்தான் வரும். பக்கத்தை மறுபடி அமைக்கும் வேலை உங்களுக்கு மிஞ்சும்.

அக்டோபர் 2026-க்குப் பிறகு என்ன? விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட் பக்கம் போகலாம் என்பது என் கருத்து. இலவசம், உங்கள் கணினியில் நன்றாகவே ஓடும். டெலிமா, வங்கி, எல்எச்டிஎன் வரிப் படிவம் எல்லாம் பிரவுசரில் நடப்பவை, அவற்றில் சிக்கல் வராது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு தட்டச்சு முறைகளும் அதில் கிடைக்கும். ஆனால் வேர்டில் செய்த கேள்வித்தாளை, அதற்குப் பதிலாக மின்டில் இருக்கும் லிப்ரெஆபிஸில் திறந்தால் கட்டங்கள் நகரலாம், லதா எழுத்துரு இல்லாததால் பக்க நீளமும் மாறலாம். அச்சுக்கு அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மின்டை பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. அக்டோபருக்கு முன்னால் வரும் ஒரு பள்ளி விடுமுறையில் அப்படி ஓட்டி, உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். தேர்வுக் காலத்தில் இந்த மாற்றத்தில் இறங்க வேண்டாம்.

மகனுக்கு: பைத்தான் கற்க கேமிங் லேப்டாப் தேவையே இல்லை. இந்தப் படிப்புக்கு 8 ஜிபி மெமரியும் ஒரு எஸ்எஸ்டியும் போதும். விளையாட வேண்டும் என்றால் அது நியாயமான ஆசைதான், அதை அந்தப் பெயரிலேயே கேட்கட்டும்.

புதிது வாங்கச் சொல்லும் நேரமும் உண்டு. டச்பேட் மேலே எழும்பி வந்தாலோ மூடி சரியாக மூடாமல் போனாலோ, பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். கீல் உடைந்து, திரையும் போயிருந்தால் பழுது பார்க்கும் செலவு கட்டாது. அப்போதும் புத்தம் புதிதுதான் என்றில்லை. நிறுவனங்களில் ஓடி வெளியே வரும் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் வகைப் பழைய கணினிகள் நல்ல கட்டுமானம், பாகங்களும் எளிதாகக் கிடைக்கும். சிப் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்கிறதா, உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். வாரண்டி எத்தனை மாதம் என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.