‘நே’ என்றால் ஆமாவா, இல்லையா?

கேள்வி: பிறமொழித் தொடர்களை அந்தந்த மொழியிலேயே பார்ப்பது என் வழக்கம். கொரியத் தொடரில் ‘நே’ என்றால் ஆமாம். செர்பியப் படத்தில் அதே ‘நே’ என்றால் இல்லை. ஓர் அசை எப்படி நேர் எதிரான இரண்டு பொருளைத் தருகிறது?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில், கிரேக்கர் ஒருவரும் செக் மொழி பேசும் பெண் ஒருவரும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். “புரிகிறதா?” என்று கேட்டால் கிரேக்கர் “நே, நே” என்பார். கிரேக்கத்தில் அது ஆமாம். செக் மொழியில் அது இல்லை. அந்தப் பெண் உடனே, “ஐயா, இவருக்கு இன்னொரு தடவை விளக்குங்கள்” என்று பரிந்து பேசுவார். பின்வரிசையில் ஒரு ஜப்பானிய மாணவர். தமிழில் பேசும்போதும் தன் வழக்கப்படி வாக்கியக் கடைசியில் ஒரு ‘நே’ சேர்ப்பார்: “இன்று குளிர், நே?” எதிரில் இருப்பவரின் ஒப்புதலைக் கேட்கும் ‘நே’ அது. ‘குளிர்தானே?’ என்று நாம் கேட்பதைப் போல. (‘தானே’யும் நேயில் முடிகிறது, அது தற்செயல்.)

துருக்கிய மொழியில் ‘நே’ என்றால் ‘என்ன?’. ஹங்கேரிய மொழியில் ‘வேண்டாம், செய்யாதே’ என்று தடுக்கும் சொல். இந்தியில் அதற்குத் தனிப்பொருளே கிடையாது. ‘ராம் நே’ என்று எழுவாயோடு ஒட்டி, செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் வாக்கியத்தில் செய்தவர் யார் என்று அடையாளம் காட்டும். இந்த மொழிகளில் உயிரொலியின் நீளம் கொஞ்சம் முன்பின் இருக்கும். நம்மைப் போல நெ, நே என்று பிரித்துக் கேட்கும் காது எல்லா மொழிக்காரர்களுக்கும் கிடையாது.

தமிழை விட்டுவிட முடியுமா? நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. அதில் ‘நே’யும் உண்டு. பொருள், அன்பு. நேயம், நேசம் என்று இன்றும் புழங்கும் சொற்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பொருள் அந்நியமாகத் தோன்றாது. ஓர் ஊரில் ஆமாம், ஓர் ஊரில் இல்லை, ஓர் ஊரில் என்ன, நம்மிடம் அன்பு! இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு மனம் நிறைகிறது.

அப்புறம், உங்கள் ‘எப்படி’க்கு வருகிறேன். ஓர் ஒலிக்குள் பொருள் பிறவியிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. பேசும் மக்கள் கூடி வைத்த பொருள்தான் அதன் பொருள். தொல்காப்பியம் உரியியலில் “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்கிறது. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்று அர்த்தம். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு இல்லை என்று சுவிஸ் மொழியியலாளர் சொசூர் வாதிட்ட நூல் ஐரோப்பாவில் வெளியானது 1916-ல். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு மொழியில் 20 மெய், 5 உயிர் என்றால் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த அசைகள் 100-தான். உலகில் சுமார் 7,000 மொழிகள். குட்டி அசைகளைப் பங்கு போட்டுக்கொண்டே ஆக வேண்டும்.

கேள்வி: கொரிய மொழியிலும் ‘அப்பா’, ‘ஒம்மா’ இருக்கிறதே! தமிழிலிருந்து போனதுதானே?
– ஒரு வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் தமிழ்ப்பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்: இந்த இரண்டு சொல்லை வைத்து எந்த உறவையும் நிறுவ முடியாது.

உதட்டை மூடித் திறந்தால் வருவது ப, ம. குழந்தைக்கு முதலில் வசப்படும் ஒலிகளில் இவையும் சேர்த்தி. பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்க, மூக்கு வழியாக வரும் முனகல் ‘ம்’ ஆகிறது என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். குழந்தை சும்மா மழலும் ஒலியை, அருகில் இருக்கும் பெரியவர்கள் “என்னைத்தான் கூப்பிடுகிறது” என்று எடுத்துக்கொள்கிறார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தெதா’ என்றால் அம்மா! ஜப்பானிய மொழியில் அம்மா ‘ஹஹா’. மிகப் பழைய காலத்தில் அது ‘பப’ என்று ஒலித்தது என்பது மொழியியலாளர்களின் முடிவு.

அப்படியானால் உறவை எதை வைத்துச் சொல்வது? ஒழுங்கை வைத்து. பால், பல், பத்து, புலி, பூ. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி, ஹூ. சொல் முதலில் நம் ப வரும் இடத்தில், வரிசை வரிசையாக அங்கே ஹ. பழங்கன்னடத்தில் அவையும் ப-வாகத்தான் இருந்தன. ஒன்றிரண்டு சொல்லில் இல்லை, கூட்டங்கூட்டமாக இது நடக்கிறது. ஒலி மாறியே போனாலும் உறவு தெரிகிறது, கவனியுங்கள். ‘ஹூ’வைக் கேட்டால் ‘பூ’ யாருக்கும் நினைவு வராது; ஆனால் அதுதான் சொந்தம்.

அச்சு அசலாக ஒத்துப்போவது பல சமயம் ஏமாற்றும். ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் என்ற பழங்குடி மொழியை 1960களில் மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் பதிவு செய்தார். நாய்க்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டபோது வந்த பதில் ‘டாக்’. ஆங்கிலத்தில் உள்ள அதே ஒலி, அதே பொருள். கடன் வாங்கிய சொல்லா? இல்லை. பக்கத்து மொழியான யிடின் மொழியில் நாய் ‘குடக’. ம்பபரம் மொழியில் முதல் அசையும் கடைசி உயிரும் உதிர்ந்து, நடு உயிரும் மாறியது. உதிர்ந்தவிதம் அந்த மொழியின் மற்றச் சொற்களிலும் அதே ஒழுங்கில் நடந்திருக்கிறது. பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது. ஆங்கில ‘பேட்’ உடன் அதற்கும் உறவில்லை. தமிழின் பெருமைக்கு நன்னூலும் தொல்காப்பியமும் இருக்கும்போது, தற்செயல்களை அதற்குச் சாட்சியாக நிறுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: சீன மொழியில் ‘மா’ என்றால் அம்மாவா, குதிரையா?

பதில்: இரண்டும்தான். குரலை உயர்த்தி ஒரே மட்டத்தில் வைத்தால் அம்மா. தாழ்த்தி எழுப்பினால் குதிரை. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டு. தாய்லாந்து மொழியிலும் சுருதி மாற மாற ‘மா’வின் பொருள் ‘வா’, ‘குதிரை’, ‘நாய்’ என்று மாறும். நம் ‘மா’வுக்கும் குதிரை, மாமரம், பெருமை என்று பல பொருள் உண்டு. அவற்றைச் சுருதி பிரிப்பதில்லை, வாக்கியம் பிரிக்கிறது.

கேள்வி: எல்லா மொழியிலும் ஒரே பொருள் தரும் அசை ஒன்றாவது உண்டா?

பதில்: கிட்டத்தட்ட உண்டு. காதில் விழாதபோது “ஆங்?” என்று கேட்கிறோமே, அதுதான். மார்க் டிங்கமான்ஸ, பிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்ட் என்ற மொழி ஆய்வாளர்கள் மூவரும் ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகளையும் சேர்த்துப் பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டு 2013-ல் எழுதினார்கள். எங்கும் வாயை லேசாகத் திறந்தபடி வரும் ஒரு குட்டி உயிர், முன்னால் சில இடங்களில் ஒரு ‘ஹ’, பெரும்பாலும் கேள்வித் தொனி. பேச்சை நிறுத்தாமல், யோசிக்காமல், சட்டென்று கேட்க வேண்டிய அவசரம் எல்லா மொழிகளுக்கும் ஒன்றே என்பதால் தனித்தனியாக இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். ஐஸ்லாந்து மொழியில் குரல் ஏறாமல் இறங்குகிறது. அங்கே மற்றக் கேள்விகளும் பொதுவாக இறங்கித்தான் முடியும்.