முழங்கால் அறுவைக்குப் பின் ஏழாம் மாதத்தில் அணித் தேர்வு: மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளுக்கு ஏசிஎல் எனப்படும் முழங்கால் உள்ஜவ்வில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் இரண்டு மாதத்தில் கல்லூரிக் கால்பந்து அணிக்கான தேர்வு, இதை விட்டால் ஓராண்டு போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை அனுப்ப வேண்டாம். இறுதி முடிவு அறுவை செய்த மருத்துவருடையதுதான். ஆனாலும் வீட்டில் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லப்போவது நீங்கள் என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

வலியில்லை, நன்றாக ஓடுகிறார் என்கிறீர்கள். வலி முதலில் போய்விடும். ஜவ்வு அவ்வளவு சீக்கிரம் தேறாது. அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே பொருத்திய தசைநார் தொடக்கத்தில் பலமிழந்து, பிறகு பல மாதங்களில்தான் ஜவ்வின் தன்மைக்கு மாறும். 2016இல் வெளியான நார்வே-அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மீண்டும் முழங்கால் அடிபடும் வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

மாதம் நிறைந்தால் மட்டும் போதாது. அதே ஆய்வில் உடல்தகுதிச் சோதனைகளில் தேறாமல் களமிறங்கியவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி காயம். தேறியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. எனவே பிசியோதெரபிஸ்டிடம் "எப்போது ஆடலாம்?" என்று கேட்பதைவிட, "எந்தச் சோதனையில் எவ்வளவு எடுத்திருக்கிறாள்?" என்று கேளுங்கள். தொடை முன்தசையின் பலத்தைக் கருவியில் அளக்க வேண்டும். கையால் அழுத்திப் பார்ப்பது போதாது. அடிபட்ட கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: பயிற்சியில்லாத மாதங்களில் நல்ல காலும் மெலிந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் கணக்கு அழகாகத் தெரியும். அறுவைக்கு முன் எடுத்த அளவு இருந்தால் அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஒற்றைக்கால் தாவல் சோதனைகள் நான்கு: ஒரே தாவல், தொடர்ந்து மூன்று, கோட்டுக்கு இருபுறமும் மாறி மாறி மூன்று, 6 மீட்டரைக் கடக்கும் நேரம். இவற்றிலும் 90 சதவீதம் வேண்டும். தூரம் வந்துவிட்டது என்று நிறைவடையாதீர்கள். இடுப்பையும் கணுக்காலையும் வைத்துச் சமாளித்து நிறையப் பிள்ளைகள் தாவிவிடுகிறார்கள். முன்பக்கமிருந்து கைபேசியில் படமெடுத்துப் பாருங்கள். தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்தால் இன்னும் வேலை இருக்கிறது. மனத்தயக்கத்தை அளக்க 12 கேள்விகள் கொண்ட படிவமும் உண்டு. பயத்தோடு ஆடும் பிள்ளையைக் களத்தில் தள்ளக் கூடாது.

பிறகு வரிசை: நேர் ஓட்டம், திடீர்த் திருப்பங்கள், மோதலில்லாப் பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் சில நிமிட ஆட்டம். மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால் சுமை கூடிவிட்டது. ஒரு படி பின்னால் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவது அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

ஆடத் தொடங்கியபின் காயங்களைத் தடுப்பதற்கான 'ஃபிஃபா 11+' என்ற வார்ம் அப்பை விடக்கூடாது: 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது. பெரும்பாலும் போட்டிகள் நெருங்கும்போது நேரமில்லை என்று பயிற்சியாளர்கள் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். காயத்தை மறைக்காதீர்கள், மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தால் பயிற்சியாளரின் நம்பிக்கை போய்விடும். அறுவை நடந்த தேதி, மருத்துவர் சான்று, அடுத்த சோதனை நாள், காயத்துக்கு முந்தைய ஆட்டக் காணொளிகள் ஆகியவற்றை இணைத்து இப்போதே எழுதுங்கள். தாமதமாகத் தேர்வு வைக்க முடியுமா, முதலாண்டு படிக்கும்போது அணியில் சேர வழியுண்டா என்று கேளுங்கள். கூடவே கல்லூரியில் சேர மதிப்பெண் அடிப்படையிலும் விண்ணப்பித்துவிடுங்கள். அந்த வழியில் இடம் கிடைத்தால் ஓராண்டு வீணாகாது. சோதனைகளில் தேறியதும் அங்கேயே அணித் தேர்வுக்குப் போகலாம்.