லேப் படிப்பு குறித்துப் பத்தமடைத் தாய் ஒருவருக்கு

மதிப்பிற்குரிய அம்மா,

நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதால், "டாக்டராக வேண்டிய பிள்ளை லேபில் ரத்தம் எடுக்கவா போவாள்?" என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். மருத்துவ ஆய்வுக்கூடப் பட்டப்படிப்பு ரத்தம் எடுப்பதோடு முடிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் இருந்தால்தான் டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள் பலன் தரும். முன்பெல்லாம் உறையவைத்த திசுவை அரைத்து, கதிரியக்க ஹார்மோனைச் சேர்த்து அளந்தார்கள். கட்டியோடு நல்ல திசுவும் அரைபட்டதால் முடிவில் குழப்பம் நேர்ந்தது. இப்போது எதிர்ப்பொருளைக் கொண்டு திசுவில் நிறமேற்றும் இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி முறையில், எந்தச் செல்லில் ஏற்பி இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் இட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊறவைக்க வேண்டும். பிறகு மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 முதல் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவினால், சீவல்கள் நாடா போலத் தொடர்ந்து வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். பாய் நெய்யக் கோரையை இழையிழையாகக் கிழிக்கும் கைகளைப் பார்த்து வளர்ந்த உங்கள் மகளுக்கு இந்தப் பக்குவத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஃபார்மலின் மறைத்த ஏற்பியைச் சூடாக்கி வெளிக்கொணர்ந்து, அந்த ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளையும் சாயத்தையும் சேர்த்தால், ஏற்பியுள்ள உட்கரு பழுப்பாகத் தெரியும். 1 சதவீதப் புற்றுச் செல்கள் பழுப்பானாலே பாசிட்டிவ். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 1 முதல் 10 சதவீதச் செல்களில் மட்டும் இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியே குறிப்பார்கள். அதே ஸ்லைடிலுள்ள இயல்பான பால்நாளங்களே பழுப்பாகவில்லை என்றால், நெகட்டிவ் என்று வந்த முடிவை நம்பக் கூடாது.

ஸ்லைடைப் படித்து முடிவு சொல்பவர் நோய்க்குறியியல் மருத்துவர்தான். ஆனால் அந்த ஸ்லைடைத் தயாரிப்பது லேப் படித்தவர்கள்தான். ஃபார்மலினில் இடத் தாமதித்தால், இருக்கும் ஏற்பியும் இல்லாததுபோல் தோன்றி, ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய மாத்திரை கிடைக்காமலே போகலாம்.

தமிழ்நாட்டில் இப்படிப்புக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். தனியார் லேப்களில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. கல்லூரியில் திசுப் பிரிவு உண்டா, மாணவர்கள் கையில் மைக்ரோடோமைக் கொடுக்கிறார்களா என்பதை நேரில் சென்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கண்ணை எரிக்கும் ஃபார்மலின் நெடி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வேறு பிரிவு பார்க்கலாம்.