கொலராடோவில் முதல்முறையாக எல்க் வேட்டைக்குச் செல்பவர் தனியாகப் போகலாமா, வழிகாட்டியை அமர்த்த வேண்டுமா?

டென்வர் பக்கம் சில ஆண்டுகளாகக் குடியிருப்பதாகவும், வேட்டைக் கல்வி வகுப்பை முடித்து அட்டை வாங்கிவிட்டதாகவும், அக்டோபர் கடைசியில் தொடங்கும் இரண்டாவது ரைஃபிள் பருவத்துக்கு, அதாவது நீள்துப்பாக்கியால் வேட்டையாட அனுமதிக்கும் இரண்டாவது காலத்துக்கு, எல்க் என்னும் பெரிய மானுக்கான உரிமம் எடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடன் வர ஆள் இல்லை. ஐந்து நாள் வழிகாட்டலுக்கு ஒரு நிறுவனம் 6,500 டாலர் கேட்கிறது. அவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. நான் இதே மாநிலத்தில் வசிக்கிறேன். முதல் பருவத்தில் வழிகாட்டியோடு சென்றேன், அதன்பின் பெரும்பாலும் தனியாகவே செல்கிறேன். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்வதானால், உள்ளூரில் இருக்கும் உங்களுக்கு முழுநேர வழிகாட்டி கட்டாயம் இல்லை. ஆனால் சுட்ட பிறகு இறைச்சியைக் கீழே இறக்குவதற்கு ஆளோ குதிரையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாமல், தனி ஆளாக எல்க் வேட்டைக்குக் காட்டுக்குள் போகவே கூடாது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலராடோவில் யாரும் வழிகாட்டியை அமர்த்தியே தீர வேண்டும் என்ற விதி இல்லை. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் நிலைமை வேறு: வெளிமாநிலத்தவர் அங்குள்ள வனாந்தரக் காப்புப் பகுதிகளில் பெருவிலங்கு வேட்டையாட, வழிகாட்டியோ அதற்கான அனுமதி பெற்ற உள்ளூர்வாசி ஒருவரோ உடன் இருக்க வேண்டும். அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் என்ற காட்டுச் செம்மறி, மலை ஆடு ஆகிய மூன்றுக்கும் வெளிமாநிலத்தவர் வழிகாட்டியுடனோ, அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினர் ஒருவருடனோதான் போக முடியும். அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு அலாஸ்காவில் எல்லாப் பெருவிலங்குக்குமே வழிகாட்டி தேவை. இணையத்தில் ஆளுக்கொன்றாகச் சொல்வதற்கு இந்த மாநில வேறுபாடுகளும் ஒரு காரணம். நீங்கள் கொலராடோவில் வேட்டையாடும் வரையில் இது முழுக்க உங்கள் முடிவு.

வழிகாட்டி என்றதும் பெரும்பாலோர் நினைப்பது, மான் இருக்கும் இடத்தைக் காட்டுபவர் என்றுதான். அது உண்மையில் ஒரு பகுதிதான். உலகிலேயே பெரிய எல்க் கூட்டம் கொலராடோவில்தான் உள்ளது, ஏறத்தாழ 2,80,000 தலைகள் என்று மாநில வனவிலங்குத் துறை மதிப்பிடுகிறது. அப்படியிருந்தும் ரைஃபிள் பருவத்தில் போகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மான் கிடைத்தாலே அது நல்ல ஆண்டு. டென்வரில் இருக்கும் உங்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வார இறுதிகளில் போய் ஒரே பள்ளத்தாக்கைத் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கலாம். பனி விழுவதற்கு முன் மான்கள் எந்தப் புல்வெளியில் மேய்கின்றன, வடக்கு நோக்கிய சரிவில் எந்த அடர்ந்த ஊசியிலைக் காட்டில் பகலில் படுக்கின்றன, மற்ற வேட்டைக்காரர்களின் வண்டிகள் எந்தச் சாலை முனையில் வந்து நிற்கும் என்பதையெல்லாம் கால்நடையாகவே கற்றுக்கொள்ளலாம். டெக்சாஸிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ ஒரு வார விடுப்பில் பறந்து வருபவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர் கொடுக்கும் பணம் அந்தக் கோடைக்கால நடைக்கான விலை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வருபவர் யாராவது என்னிடம் கேட்டால், வழிகாட்டியை அமர்த்துங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

நான் வழிகாட்டியிடம் கற்றதில் மிகவும் பயன்பட்டது காற்றைப் பற்றியதுதான். எல்க் மான் உங்களைப் பார்த்தால் சில நேரம் நின்று யோசிக்கும். மோப்பம் பிடித்துவிட்டால் யோசிக்கவே யோசிக்காது. மலையில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும்; வெயில் ஏறியபின் அதே காற்று மேல்நோக்கித் திரும்பும்; மாலையில் மறுபடி இறங்கும். அவர் சட்டைப்பையில் மெல்லிய வெள்ளைத் தூள் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் குப்பி வைத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை அழுத்துவார். தூள் எங்கள் முழங்கால் உயரத்தில் பள்ளத்தாக்கை நோக்கி மிதந்துபோகும் வரையில் நடந்தோம். காலை ஒன்பது மணி வாக்கில் ஒரு தடவை அது கிளம்பிய இடத்திலேயே சுழன்று, எங்கள் முகத்தைத் தாண்டி மேலே ஏறியது. மான்கள் மேலே படுத்திருக்கின்றன என்று எனக்குக் கூடத் தெரிந்தது, ஆனாலும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு உச்சி வழியாக இறங்க இரண்டு மணி நேரம் செலவிட்டார். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தத் திருப்பம் எந்த நொடியில் நிகழ்கிறது என்பதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டியபோதுதான் எனக்கு அது பிடிபட்டது.

இனி நீங்கள் கேட்காததும், கேட்டிருக்க வேண்டியதுமான விஷயத்துக்கு வருகிறேன். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். எலும்பு நீக்கியபின் கையில் வரும் இறைச்சி ஏறத்தாழ 100 கிலோ. இருபது இருபது கிலோவாக முதுகில் சுமந்தால் ஐந்து சுமை. உங்கள் வண்டி மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், ஐந்து முறை சுமையோடு இறங்கவும் நான்கு முறை வெறும் பையோடு திரும்ப ஏறவும் சேர்த்து 27 கிலோமீட்டர் நடை. அதுவும் 10,000 அடி உயரத்தில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டி, ஒருவேளை முழங்கால் பனியில். ஃபிளாட் டாப்ஸ் போன்ற வனாந்தரக் காப்புப் பகுதிக்குள் சுட்டிருந்தால் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி கூட எடுத்துச் செல்ல முடியாது, ஏனெனில் 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் அங்கே சக்கரம் வைத்த போக்குவரத்தையே தடை செய்கிறது. மனித முதுகு, குதிரை, கோவேறு கழுதை, லாமா என்னும் சுமைவிலங்கு, இவை மட்டுமே வழி.

முடிந்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவரவும் முடியாது. முன்னந்தொடை, பின்னந்தொடை, முதுகுத்தசை, உள்முதுகுத்தசை ஆகியவற்றை வீணாக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது கொலராடோ சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், ஓர் உயிரைக் கொன்றுவிட்டு அதன் பாதி உடலைக் காட்டில் அழுக விடுவதை என்னால் ஏற்க முடியாது. வேட்டை சரியா தவறா என்று நம் வீடுகளில் நடக்கும் விவாதத்தில் நான் நிற்பதே இந்த ஓர் ஒழுங்கின் மேல்தான்.

இதில் நேரமும் பகைதான். எல்க்கின் தடித்த தோல் உடல் சூட்டை வெளியே விடாது. பருவம் அக்டோபர் கடைசி என்றாலும் நண்பகலில் வெயில் நன்றாகவே அடிக்கும்; முதலில் கெட்டுப்போவது பின்னந்தொடையில் இடுப்பு மூட்டை ஒட்டிய சதை. ஆகவே தனியாகச் செல்பவர்கள் வயிற்றைத் திறக்காமல் பிரிக்கும் முறையைக் கற்றுக்கொள்வது அவசியம். மானை ஒருக்களித்துக் கிடத்தி, முதுகுத்தண்டை ஒட்டி வால் முதல் கழுத்து வரை தோலைக் கீறி, மேற்பக்கத் தோலை உரித்துப் பாய் போலக் கீழே விரித்துக்கொள்ள வேண்டும். முன்னங்கால் உடலோடு சேரும் இடத்தில் எலும்பு இணைப்பு கிடையாது, கத்தி தானாக உள்ளே போகும். பின்னங்காலில் மூட்டைக் கண்டுபிடித்துத் தசைநாரை அறுக்க வேண்டும். பின்பு முதுகுத்தசையை நீளமாக எடுத்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கையை விட்டு உள்முதுகுத்தசையை இழுத்தெடுக்கலாம். ஒவ்வொன்றையும் துணிப்பையில் போட்டு நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டபின் உடலைப் புரட்டி மறுபக்கம் தொடங்க வேண்டும். அந்தப் புரட்டலில்தான் தனி ஆள் திணறுவார். ஒரு தாம்புக்கயிற்றால் காலை மரத்தில் கட்டி இழுத்து நிறுத்தாமல் கத்தியைக் கையில் எடுக்காதீர்கள். ஆண் மான் என்பதற்கான உறுப்பு, தொடை ஒன்றோடு இயற்கையாக ஒட்டியபடியே இருக்க வேண்டும் என்ற விதியையும் மறக்க வேண்டாம்; சோதனைக்கு வரும் வனவிலங்கு அதிகாரி அதையும் பார்ப்பார்.

வழிகாட்டியின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்ததும் இந்த இடத்தில்தான். ஒரு மாலை, சட்டப்படி சுடக்கூடிய நேரம் முடிய, அதாவது சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆக, இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எதிர்ச் சரிவில், நல்ல தூரத்துக்குள், கொம்பில் ஐந்து ஐந்து கிளையுள்ள ஆண் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. நான் துப்பாக்கியை முட்டுக் கொடுத்துப் படுத்துவிட்டேன். வழிகாட்டி என் தோளைத் தொட்டு, அது நிற்கும் சரிவைத் தொலைநோக்கியில் மீண்டும் பார்க்கச் சொன்னார். மானுக்குக் கீழே செங்குத்தான சரளைப் பள்ளம். அடிபட்டு முப்பது அடி ஓடினாலும் அது பள்ளத்தின் அடியில்தான் போய் விழும்; இருட்டில் அங்கே இறங்கவும் முடியாது, இரவில் கரடி வராமல் காக்கவும் முடியாது. சுட வேண்டாம் என்றார். எனக்கு மான் கிடைத்தால் அவருக்குப் பெயரும் அன்பளிப்பும் உண்டு, இருந்தும் அப்படிச் சொன்னார். தனியாகச் செல்பவர் இந்தக் கணக்கைத் தானே போட வேண்டும், அதுவும் நெஞ்சு படபடக்கும்போது. அதனால்தான் நான் தனியாகப் போகும்போது காலையிலேயே வரைபடத்தில் ஓர் எல்லை போட்டுவிடுகிறேன்: இந்த ஓடைக்கு அப்பால், இந்த மேட்டுக்குக் கீழே எது நின்றாலும் சுடுவதில்லை. மாலை கடைசி அரை மணி நேரத்தில் அந்த எல்லை இன்னும் சுருங்கும்.

உங்கள் 6,500 டாலருக்கு வருவோம். முழு வழிகாட்டலுக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் நடுவில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, கூடாரம், அடுப்பு, விறகோடு உங்களைக் குதிரையில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் குறித்த நாளில் திரும்ப அழைத்துவரும் முகாம் ஏற்பாடு; இது முழு வழிகாட்டலில் ஏறத்தாழ பாதிச் செலவு அல்லது அதற்கும் குறைவு. இன்னொன்று, நீங்கள் சுட்டபின் தகவல் சொன்னால் குதிரையோடு வந்து இறைச்சியை மட்டும் இறக்கிக் கொடுக்கும் சுமைக்காரர். மானுக்கு இவ்வளவு என்று சில நூறு டாலர் முதல் வாங்குவார்கள். உங்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். ஆகஸ்டுக்குள் பேசி முடித்துவிடுங்கள், பருவம் தொடங்கியபின் கூப்பிட்டால் குதிரை கிடைக்காது. எந்தப் பள்ளத்தாக்கில் வேட்டையாடப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, அங்கே அவருக்கு அனுமதி உண்டா, செயற்கைக்கோள் செய்தி அனுப்பினால் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேளுங்கள்.

யாரை அமர்த்தினாலும் அவர் மாநில அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயண ஏற்பாட்டாளர்) பதிவு அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்க முடியும். கூட்டாட்சி வன நிலத்தில் தொழில் செய்ய வனத்துறையின் தனி அனுமதியும் அவருக்கு வேண்டும். "எனக்கு அந்தக் காடு அத்துப்படி, ஐந்நூறு டாலர் கொடுங்கள், கூட்டிப்போகிறேன்" என்று சொல்லும் பதிவில்லாத ஆள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேண்டாம். நல்ல வழிகாட்டி உங்கள் மானைத் தான் சுட்டுத் தருவதாகவும் சொல்ல மாட்டார். இங்கே உங்கள் உரிமத்துக்கான மானை நீங்களேதான் சுட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவி, எங்கே வண்டியை நிறுத்துவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்த தாள், மேல் உடம்பில் குறைந்தது 500 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடையும் அதே நிறத் தொப்பியும், இவை இல்லாமல் தனியாகப் போக வேண்டாம்.

நீங்கள் எச்-1பி விசாவில் இருப்பதாகக் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. வழிகாட்டியின் துப்பாக்கியை அவர் அருகில் நின்றே வாங்கிப் பிடித்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆகவே சுடுதளப் பழக்கம் உட்பட எல்லாவற்றுக்கும் முன்பாக உரிமம் கையில் இருக்கட்டும். ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

சுமைக்காரரும் கிடைக்கவில்லை, நண்பரும் இல்லை என்றால் இந்த ஆண்டு எல்க்கை விட்டுவிடுங்கள். கிழக்குச் சமவெளியில் பிராங்ஹார்ன் என்ற, மானைப் போன்ற சிறிய விலங்கு இருக்கிறது. முழு உடலே ஐம்பது கிலோ அளவுதான், பிரித்தால் தனி ஆள் ஓரிரு நடையில் வண்டிக்குக் கொண்டுவந்துவிடலாம். அறுக்கும் முறையையும் காற்றையும் பழகிக்கொள்ள அதைவிட நல்ல விலங்கு இந்த மாநிலத்தில் இல்லை. அதற்கான குலுக்கல் விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். தவறவிட்டிருந்தால் கோடையில் மீந்த உரிமங்களின் பட்டியல் வெளியாகும், அதில் பாருங்கள். சமவெளியில் பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால், உரிமம் வாங்குவதற்கு முன்பே அந்தப் பிரிவில் பொது நிலம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.