பொங்கலுக்கு ஊரில் எல்லோரும் கூடுகிறோம். பாட்டி முதல் ஆறு வயதுப் பேரப்பிள்ளை வரை, தலைப்பொங்கலுக்கு வரும் புது மாப்பிள்ளையோடும் சேர்ந்து பார்க்க எந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

பாட்டி இருக்கிறார், ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறது, தலைப்பொங்கலுக்குப் புது மாப்பிள்ளையும் வருகிறார் என்று கேள்வியிலேயே விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ‘பார்த்தே ஆக வேண்டிய படங்கள்’ வகைப் பட்டியல்களை மூடிவையுங்கள். அவை தனியாக உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கானவை. கூடம் நிறைய ஆள் இருக்கும் வீட்டில் எந்தப் படமும் முழுதாகப் பார்க்கப்படுவதில்லை. நடுவில் காபி வரும், வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் கரும்போடு வந்து நிற்பார், அடுக்களையிலிருந்து கைதுடைத்துக்கொண்டு வரும் பெரியம்மா, இவன் அந்தப் பெண்ணுக்கு அண்ணனா தம்பியா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போவார். இத்தனை இடைஞ்சலையும் தாங்குகிற படமாகப் பார்த்துப் போட வேண்டும்.

அந்த வகையில் என் முதல் தேர்வு 1965இல் வந்த ‘திருவிளையாடல்’. பக்திக்காகச் சொல்லவில்லை, அதன் அமைப்புக்காகச் சொல்கிறேன். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானப்படுத்தப் பார்வதி சொல்லும் கதைகளாகவே படம் போகிறது. ஒரு கதை முடிந்ததும் அடுத்தது புதிதாகத் தொடங்கும். முதல் அரை மணி நேரத்தைத் தவறவிட்ட பெரியம்மா பாதியில் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. நாகேஷ் தருமியாக வரும் இடத்தில் வீட்டுப் பெரியவர்களைக் கவனியுங்கள். தருமி கேள்வி கேட்டு முடிப்பதற்குள் இங்கே பதில் வந்துவிடும். படம் தெரியாத பிள்ளைகளுக்கு, தாத்தா முந்திக்கொண்டு சொல்லிவிடுவதே ஒரு வேடிக்கை. பாட்டுப் பிரியர் யாராவது இருந்தால் டி.எஸ். பாலையா ஹேமநாத பாகவதராக வரும் பகுதிக்குக் கட்டாயம் வந்து அமர்ந்துவிடுவார்.

பிள்ளைகள் கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து ஓடுகிறார்கள். அதனால் பழைய படங்களில் வண்ணப் படமாகத் தேடுவது நல்லது. ‘திருவிளையாடல்’ வண்ணப் படம்தான். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யும் வண்ணப் படம்தான். இதற்கு இன்னொரு வசதி உண்டு. காது மந்தமான பெரியவர்களை நாம் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மிக்ஸி ஓடும், குழந்தைகள் கத்தும், அவர்கள் பாவம் எல்லோரும் சிரிக்கும்போது தாமும் சிரித்துவைப்பார்கள். இந்தப் படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை ஒலியே இல்லாமல் பார்த்தாலும் சிரிக்கலாம். பாலையாவின் முகத்தில் பயம் ஏறுவதும், அதை மறைக்கப் பார்ப்பதும், மறுபடியும் ஏறுவதும் போதும்.

இதே காரணத்துக்காகத்தான், 1990 தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ எனக்கு எவ்வளவு பிடித்தாலும் பெரிய கூட்டத்துக்கு இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். கிரேஸி மோகன் வசனத்தில் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது கடந்து போய்விடும். பதினைந்து பேர் சேர்ந்து சிரிக்கிற வீட்டில் பாதி வசனம் காதில் விழாது. நான்கு கமல்களில் இவர் எவர் என்ற விசாரணை வேறு தனியாக நடக்கும். கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் இடத்துக்கும், கடைசியில் மலை விளிம்பில் வீடு ஆடும் இடத்துக்கும் மட்டும் பிள்ளைகளைக் கூப்பிட்டால் போதும்.

இனி, எதைத் தவிர்ப்பது. முத்தக் காட்சி வந்துவிடுமோ என்பதுதான் எல்லோருடைய பயமும். அதுகூடப் பரவாயில்லை, யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள், சமாளித்துவிடலாம். குடும்பப் படம் என்ற பெயரில் வரும் சொத்துத் தகராறும் வரதட்சணைப் பேச்சும்தான் உண்மையான கண்ணிவெடி. பாகப்பிரிவினை முடியாத வீட்டில், திரையில் அண்ணன் தம்பியை ஏமாற்றும்போது கூடத்தில் விழும் மௌனம் இருக்கிறதே, அதை எந்த ரிமோட்டாலும் மாற்ற முடியாது. மாப்பிள்ளை முதன்முறையாக வந்திருக்கும்போது மாமனாரைக் கோமாளியாக்கும் படமும் வேண்டாம். அந்த ஆண்டு வீட்டில் துக்கம் நடந்திருந்தால், ஆஸ்பத்திரிக் காட்சி நீளும் படத்தையும் ஒதுக்கிவிடுங்கள். பெரியப்பாவை ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்த்துவிட்டு வந்த அத்தைக்கு அந்தக் கருவிகளின் சத்தமே போதும், எழுந்து உள்ளே போய்விடுவார்.

தணிக்கைச் சான்றிதழ் ஓரளவுக்குத்தான் உதவும். 2024இல் வந்த புதிய விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யுஏ பிரிவை 7+, 13+, 16+ என்று வயதுவாரியாக மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சமீபத்திய படங்களுக்கு அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஓடிடியில் காட்டும் வயது அளவு, அந்தந்தத் தளமே தன் சரக்குக்குப் போட்டுக்கொள்வது. பழைய படம் என்பதால் பத்திரம் என்றும் நம்பிவிடாதீர்கள். 80களின் படங்கள் பலவற்றில் பாலியல் வன்முறைதான் கதையின் திருப்பமாகவே இருக்கும், அதன் பிறகு பஞ்சாயத்து, தங்கையின் தற்கொலை என்று போகும். வீட்டில் விவரமான ஒருவர் முந்தைய நாளே படத்தை வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டால் நிம்மதி. அப்படியே போனில் தரவிறக்கமும் செய்துகொள்ளட்டும். பொங்கலன்று ஊரில் இணையம் தள்ளாடும்.

புதிய படம்தான் வேண்டும் என்று இளையவர்கள் அடம்பிடித்தால் மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’ (2015). பிட்சாவுக்கு ஏங்கும் இரண்டு பையன்களின் கதை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதே பெரிய வரம். தொலைக்காட்சியில் ‘முதன்முறையாக’ போடும் பெரிய நடிகர் படத்தை நம்பி உட்கார்ந்தால், விளம்பரங்களோடு சேர்த்து மாலைப் பொழுதே போய்விடும், மாட்டுக்குப் பொட்டு வைக்கக்கூட ஆள் அகப்படாது.

‘மெய்யழகன்’ (2024) பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். அருமையான படம், பகலில் மட்டும் போடாதீர்கள். வெளியான பிறகு 18 நிமிடங்கள் போல வெட்டினார்கள், அப்படியும் அது நிதானமான படம்தான். தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து, பெயர் நினைவுக்கு வராத ஓர் உறவுக்காரரோடு விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பதுதான் பெரும்பகுதி. பிள்ளைகள் தூங்கிய பிறகு, பாய் விரித்துப் படுத்தபடி அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று நான்கைந்து பேர் விழித்திருப்பீர்களே, அப்போது போடுங்கள். இதிலும் சொத்துத் தகராறு உண்டு. அதனால் யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.