மாடுலர் கிச்சன் இருக்கட்டும், முதலில் அம்மாவின் பாத்ரூமைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அப்பா 1987-ல் மதுரை விஸ்வநாதபுரத்தில் கட்டிய வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. உயில் எதுவும் எழுதவில்லை. 71 வயதாகும் அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். நான் பெங்களூரில், தங்கை கோவையில். வீடு பழசாகத் தெரிவதால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள், கொஞ்சம் செலவு செய்தால் நல்ல விலை வரும் என்கிறார் தரகர். 8 லட்சம் வரை செலவு செய்யத் தயார். மொசைக் தரைக்கு மேல் டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், உள்ளும் புறமும் பெயின்ட் என்று யோசித்திருக்கிறோம். அம்மா மூட்டுவலியால் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வெஸ்டர்ன் டாய்லெட்டையும் இதோடு போட்டுவிடலாம். வாங்க வருபவர்கள் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறார்களாம். மழைக்காலத்தில் பின்பக்க அறைச் சுவரில் கொஞ்சம் ஓதம் ஏறும். புட்டி வைத்து பெயின்ட் அடித்தால் தெரியாது என்கிறார் பெயின்டர். விற்ற பணத்தில் இங்கே பெரிய ஃப்ளாட் வாங்கி அம்மாவையும் அழைத்து வந்துவிடுவோம். எதை முதலில் செய்வது, எதை விடுவது?

- பெயர் வெளியிட வேண்டாம், பெங்களூரு

பதில்: வீட்டை விற்கும் முன் எதற்குச் செலவு செய்யலாம் என்று கேட்டு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. டைல்ஸா பெயின்டா என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். உங்கள் கடிதத்தில் அம்மாவின் டாய்லெட் பற்றி வரும் வரி என்னை அப்படிப் போக விடவில்லை.

தம்பி, மூட்டுவலிக்காரர்கள் இந்தியன் டாய்லெட்டிலிருந்து எப்படி எழுந்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கைக்கு எட்டுகிற ஒரே பிடிமானம் தண்ணீர்க் குழாய்தான். அதைப் பிடித்துத் தொங்கி, இன்னொரு கையைச் சுவரில் ஊன்றி, பாதி எழுந்து, ஒரு நிமிஷம் நின்று மூச்சுவிட்டு, மீதி எழுந்திருப்பார்கள். வயதானவர்கள் இருக்கும் பழைய வீடுகளில் அந்தக் குழாய் மட்டும் சுவரில் ஆடிக்கொண்டிருப்பது இதனால்தான். அடுத்த முறை மதுரை போகும்போது உங்கள் வீட்டுக் குழாயை ஆட்டிப் பாருங்கள். கீழே ஈரத் தரை. வீட்டில் வேறு ஆள் இல்லை. விழுந்தால் கதவைத் தட்டக்கூட ஒருவரும் இல்லை. இப்படி உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்திருக்கிறாரோ!

ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பா இருந்தபோதே கேட்டிருப்பார். அப்போது என்ன சொன்னீர்கள் என்று நான் ஊகிக்கத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "இருக்கிறதை இடிச்சு எதுக்கும்மா, கொஞ்ச நாள் பொறுங்க." இப்போது முன்பின் தெரியாத ஒருவர் அரைமணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார் என்பதற்காக அதே தரையை இடிக்கத் தயாராகிவிட்டீர்கள். அம்மா கேட்டபோது செலவாகத் தெரிந்தது, தரகர் கேட்டதும் முதலீடாகத் தெரிகிறது. இதை எழுதும்போது உங்களுக்கு உறுத்தவே இல்லை பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம். பெங்களூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புவீர்கள், தினமும் போன் பேசுவீர்கள், நல்ல பிள்ளை என்று தெருவே சொல்லும். அதெல்லாம் சரி. சர்ஜிக்கல் கடையில் கமோட் ஸ்டூல் என்று ஒன்று விற்கிறது. இந்தியன் டாய்லெட்டின் மேல் அப்படியே வைத்து உட்காரலாம். சில ஆயிரம் ரூபாய்தான். இடிக்க வேண்டாம், கொத்தனார் வேண்டாம். ஒரு தீபாவளிக்குப் புடவைக்குப் பதிலாக அதை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை அதுதான். விற்பனை அடுத்த மாதம் முடிந்தாலும் சரி, மூன்று வருஷம் இழுத்தாலும் சரி, விற்காமலே போனாலும் சரி. ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு வாரத்துக்குள் முடிகிற வேலை. நீங்கள் ஒதுக்கிய 8 லட்சத்தில் அது ஒரு மூலைக்குக்கூட வராது. செய்யும்போது ஒழுங்காகச் செய்யுங்கள். உட்கார்ந்த நிலையில் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி வைக்க வேண்டும். டவல் மாட்டும் கம்பியை அதற்குப் பதிலாக வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அது ஆள் கனத்தைத் தாங்காது. தரைக்கு வழுக்காத டைல்ஸ். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்பக்கம் திறந்தால், விழுந்த ஆளே கதவுக்கு அடைப்பாகிவிடுவார். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு. அந்த ஒரு வாரம் அம்மா எங்கே இருப்பார் என்று முதலில் முடிவு செய்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். உங்கள் பட்டியலில் இருப்பதையெல்லாம் செய்ய இரண்டு மாதமாவது ஆகும். அந்தத் தூசியிலும் சத்தத்திலும் 71 வயதுக்காரர் எங்கே சமைப்பார், எங்கே படுப்பார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

இனி நீங்கள் கேட்டது. உங்கள் பட்டியலில் பெரும்பாலானதை அடித்துவிடலாம்.

ஊருக்குள் இருக்கும் பழைய தனிவீட்டை வாங்க வருபவர் கணக்குப் போடுவது மனைக்குத்தான். இத்தனை சதுர அடி, சதுர அடி இவ்வளவு. பாதிப் பேர் இடித்துவிட்டுக் கட்டும் எண்ணத்தோடுதான் வருவார்கள். மீதிப் பேருக்கு வங்கிக் கடன் வேண்டும். வங்கியின் மதிப்பீட்டாளர் மனை மதிப்பைப் போட்டு, கட்டடத்துக்கு வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழிப்பார். உங்கள் ஃபால்ஸ் சீலிங் அவருடைய தாளில் ஏறப்போவதில்லை. மாடுலர் கிச்சனும் அப்படித்தான். எந்த நிறம், எந்தப் பக்கம் அடுப்பு என்பதை வாங்குகிறவர் வீட்டுப் பெண்கள் முடிவு செய்துகொள்வார்கள். நீங்கள் லட்சக்கணக்கில் போட்டதை அவர்கள் முதல் வாரமே கழற்றி எறிவார்கள். வாஸ்து பற்றி நல்லவேளை நீங்கள் கேட்கவில்லை. விற்கப்போகிற வீட்டில் வாஸ்துவுக்காகச் சுவரை இடித்தவர்களும் எனக்கு எழுதுவதுண்டு. வாங்குகிறவருடைய வாஸ்துக்காரர் வந்து வேறு சுவரைக் காட்டுவார்.

மொசைக்கின் மேல் டைல்ஸ் வேண்டவே வேண்டாம். தரை உயரும், எல்லாக் கதவுக்கும் அடிப்பக்கம் இழைக்க வேண்டிவரும், நிலைப்படியில் ஒரு தடுக்கல் உண்டாகும். அந்தத் தடுக்கலில் முதலில் இடறப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டாம். 1987 மொசைக் நல்ல சரக்கு. ஆளை விட்டு பாலிஷ் போட்டால் போதும். கதவு ஜன்னலெல்லாம் தேக்கா என்று பாருங்கள். அந்தக் காலத்து வீடு, தேக்காக இருக்கக்கூடும். மேலே அப்பியிருக்கும் பழைய எனாமலைச் சுரண்டி வார்னிஷ் அடித்தால், கிச்சனைவிட அதற்குத்தான் ஆட்கள் நின்று பார்ப்பார்கள்.

ஓதத்தை மறைக்காதீர்கள். இது ஏமாற்று என்பது ஒருபக்கம். உங்கள் அப்பா பெயருள்ள வீட்டில் அதைச் செய்யாதீர்கள். மற்றபடி பலிக்கவும் பலிக்காது. ஈரம் உள்ளே இருக்கும்போது புட்டி வைத்தால் சில வாரத்தில் உப்பிக்கொண்டு வரும், தொட்டால் உதிரும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பத்திரம் பண்ண மாட்டார்கள். தை பிறந்ததும்தான் வீடு பார்க்க வருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் தை மாதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதோடு, ஓர் அறையில் மட்டும் பளபளவென்று புதுப் பெயின்ட் இருந்தால் கூட வரும் பெரியவர் நேராக அங்கே போய் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மழைக்காலத்தில் மட்டும் ஏறுகிறது என்கிறீர்கள். அப்படியானால் மேலேயிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள்: மொட்டைமாடித் தட்டோட்டின் வெடிப்பு, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, அல்லது அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். முதலில் அந்தக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இலையும் குப்பையும் அடைத்திருந்தால் செலவே இல்லாமல் தீர்ந்துவிடும். இல்லையென்றால் மாடியைச் சரிசெய்யுங்கள், சுவர் நன்றாகக் காயட்டும், அப்புறம் வெள்ளை அடியுங்கள். வீடு முழுக்க ஒரே மாதிரி, சாதாரணமாக. பழைய ஃபியூஸ் கேரியர் இன்னும் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தனியாக இருக்கும் அம்மாவுக்கும் அது நல்லது. கட்டடத்துக்கு இவ்வளவுதான்.

விலையைக் குறைப்பது பழைய தரை அல்ல, குறையுள்ள காகிதம். பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி அப்பா சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. பாட்டி உயிரோடு இல்லை, வேறு உடன்பிறப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, உங்களுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. கடிதம் முழுக்க "விற்க முடிவு செய்திருக்கிறோம்" என்கிறீர்களே, அந்த "றோம்"-இல் அம்மா இருக்கிறாரா? தங்கை இருக்கிறாரா? கல்யாணம் ஆகிப் போனவள் கையெழுத்துதானே, போட்டுவிடுவாள் என்று அண்ணன்மார் நினைத்துக்கொள்வது இன்னும் ஒழியவில்லை. போடுவார், சரி. பங்கை எடுத்து வைத்துவிட்டுக் கையெழுத்தைக் கேளுங்கள்.

தாசில்தார் அலுவலகத்தின் வாரிசுச் சான்று, மூன்று பேர் பெயருக்கும் மாறிய பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அனுமதி வரைபடம், பாக்கி இல்லாத வீட்டு வரி ரசீது, பெயர் மாறிய மின் இணைப்பு. இவை ஒரு கோப்பில் தயாராக இருந்தால் வாங்குகிறவரின் வங்கி வக்கீல் இழுத்தடிக்க முடியாது. பட்டா அப்பா பெயரிலேயே இருக்கும் வீட்டுக்கு எத்தனை டைல்ஸ் ஒட்டினாலும் பேரம் கீழேதான் போகும்.

வருமான வரிக்கு ஒரு விஷயம். பெயின்டுக்கும் சில்லறை ரிப்பேருக்கும் ஆன செலவை லாபத்திலிருந்து கழிக்க முடியும் என்று நம்பிவிடாதீர்கள். வீடு 2001-க்கு முன்பே உங்கள் அப்பாவுடையது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கு மதிப்பறிக்கை வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு சின்னத் துண்டுதான் இதற்கு ஆகும். மிச்சப்படும் வரி அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

கடைசியாக, பெங்களூர் ஃப்ளாட். அம்மாவின் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் போகப்போகிறது, பத்திரம் உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் எழுதப்படப்போகிறது, இல்லையா? பிள்ளை வீட்டில் ஓர் அறை கிடைத்தால் போதாதா என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். எனக்குப் போதாது. சொந்த வீட்டில் இருந்த ஒரு பெண்மணி மருந்து வாங்க மகனிடம் கை நீட்டக் கூடாது. விற்பனைப் பணத்தில் அம்மாவின் பங்கு அவர் பெயருக்கு மட்டும் உள்ள கணக்கில் விழ வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அவர் விரும்பி ஃப்ளாட்டுக்குத் தந்தால் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கட்டும்.

விற்க வேண்டாம், இருக்கிற வரை இங்கேயே இருக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டால்? சொல்லக்கூடும், யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. அப்படிச் சொன்னால் வீடு நிற்கும். தரகர் வேறு வீடு பார்த்துக்கொள்வார். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய்த் தங்கையையும் வரச் சொல்லி மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுங்கள். பிளம்பருக்குப் பேச அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.