கைப்பிரேக் பிடிக்கவில்லையா? சக்கரத்தில் தொடங்குங்கள்

பழைய கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் வீட்டு அம்பாசிடரில் லீவரை முழுக்க இழுத்தாலும் ஆற்றங்கரை ஏற்றத்தில் வண்டி பின்னால் நகர்கிறது. பட்டறையில் இரண்டு முறை கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். சில வாரம் நிற்கிறது, பிறகு பழையபடிதான். இப்போது பின்சக்கரங்கள் சூடாகவும் செய்கின்றன. புதுக் கேபிள் வாங்கிவிடலாமா? (வாசகர், திருவையாறு)

பதில்: வாங்க வேண்டாம். கேபிளை இறுக்குவது கடைசி வேலை; அதை முதலில் செய்ததால்தான் சக்கரம் சூடாகிறது.

கைப்பிரேக்குக்கென்று தனி ஷூ (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை) கிடையாது. காலால் மிதிக்கும்போது பின்சக்கரத்தில் விரியும் அதே ஷூக்களைத்தான் கேபிளும் டிரம்முக்குள் இருக்கும் சிறு நெம்புகோல் வழியாக விரிக்கிறது. ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதைச் சக்கரத்தில் இருக்கும் அட்ஜஸ்டரில் (இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) குறைக்காமல் கேபிளில் குறைத்தால், லீவர் கீழே இருக்கும்போதும் உள்ளே நெம்புகோல் பாதி இழுபட்டே நிற்கும். ஷூ தன் இடத்துக்குத் திரும்பாமல் உரசும், சூடாகும், இன்னும் வேகமாகத் தேயும். நம் டெல்டாப் பக்கம் எல்லாம் சமதரை. பாலம் ஏறும் இடத்திலோ ஆற்றங்கரையிலோ நிறுத்தும்வரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது.

முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, லீவரை முழுக்க இறக்கி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. முதலில் கேபிள் நட்டைத் தளர்த்தி, கேபிள் தொய்வாக இருக்கும்படி செய்யுங்கள். பிறகு அட்ஜஸ்டர். வண்டியின் ஆண்டைப் பொறுத்து அது பேக் பிளேட்டுக்கு (டிரம்மின் உட்பக்கத்தை மூடும் சுழலாத தகடு) பின்னால் சதுரத் தலையாக இருக்கும், அல்லது டிரம்மின் துளை வழியாக ஸ்க்ரூ டிரைவர் விட்டுத் திருப்புவதாக இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை முடுக்குங்கள். கால் பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி மிதித்தால் ஷூக்கள் நடுவில் வந்து உட்காரும். சக்கரம் மறுபடி லூசாகியிருந்தால் இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டு, சக்கரம் தடையில்லாமல் சுழலும்வரை ஒவ்வொரு சொடுக்காகத் தளர்த்துங்கள். மற்றச் சக்கரத்துக்கும் இதேதான்.

பலருக்கு இத்துடன் கைப்பிரேக் சரியாகிவிடும். மிச்சம் இருந்தால் இப்போது கேபிளைத் தொடலாம்: லீவரை இழுக்கும்போது மூன்றாவது பல்லில் (சொடுக்கில்) உரசத் தொடங்கி, ஐந்து அல்லது ஆறில் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால், இழுப்பைப் பங்கிடும் பேலன்சர் துருவேறி நிற்கிறதா என்று பாருங்கள். கேபிளை நெம்புகோலோடு இணைக்கும் கிளெவிஸ் பின்களையும் கழற்றிப் பாருங்கள். துளை முட்டை வடிவாகத் தேய்ந்த இணைப்பு மூன்று நான்கு சேர்ந்தால் லீவரின் பாதி ஓட்டம் அதிலேயே போய்விடும். புது பின் மலிவு. அது கழன்றுவிடாமல் பூட்டும் பழைய காட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள்.

அப்படியும் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்றுங்கள். லைனிங் எண்ணெயில் நனைந்திருக்கலாம். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது பின் ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து வரும் கியர் ஆயில். ஆயில் சீல் போய்விட்டது. சீலை மாற்றும் முன் ஆக்சில் மேல் இருக்கும் காற்றுத்துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வயல் பாதைக் களிமண் அதை அடைத்துவிட்டால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் தாண்டி எண்ணெய் வரும். எங்கள் பார்வையில், சீலை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பத் திரும்பச் செலவு செய்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். கசிவு நீர்த்து, பெயின்டை உரிப்பதாக இருந்தால் அது பிரேக் ஆயில். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் போயிருக்கிறது. எதுவானாலும் நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, சூடானதும் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி கசியும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

சில பழைய அமைப்புகளில் வீல் சிலிண்டரே பேக் பிளேட் துளையில் முன்னும் பின்னும் நகர வேண்டும். அது துருவேறி இறுகினால் ஒரு ஷூ மட்டுமே டிரம்மைத் தொடும். கையால் தள்ளினால் நகர வேண்டும். நகராவிட்டால் கழற்றி, துளை விளிம்பைத் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள்.

கேள்வி: பத்மினி கார். கைப்பிரேக்கை விடுவித்த பிறகும் இடது பின்சக்கரம் இறுகியே இருக்கிறது. (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: சக்கரம் இறுகியிருக்கும் நேரத்திலேயே சோதியுங்கள். முதலில் அந்தப் பக்கக் கேபிளை பேக் பிளேட்டில் கழற்றுங்கள். உடனே சக்கரம் சுழன்றால் கேபிள்தான் குற்றவாளி. கடற்கரை ஊரில் உப்புக்காற்று உறைக்குள் போய்க் கம்பியை அரித்திருக்கும். சுழலவில்லை என்றால் பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீடிங் நிப்பிளைச் சற்றே திறங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் எங்கோ மாட்டியிருக்கிறது. பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே ரப்பர் ஹோஸ் என்றால், அது உள்ளே உப்பியிருந்தால் இரண்டுமே இறுகும். உங்களுக்கு ஒன்று மட்டும் என்பதால் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டாம். நிப்பிளைத் திறந்தும் விடவில்லையானால் டிரம்முக்குள் நெம்புகோல் மூட்டு துருவேறியிருக்கும், ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது சிலிண்டர் பிஸ்டன் இறுகியிருக்கும். நிப்பிளைத் திறந்தவர் காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

கேபிளைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க, முழுதாகக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் புனல் கட்டி மெல்லிய எண்ணெயை ஓர் இரவு இறங்க விடுங்கள். காலையில் விரலால் இழுத்தாலே கம்பி ஓட வேண்டும். ஒரு இழை அறுந்திருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஒட்டுப் போட்ட கேபிளில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சாலையில் காயப்போட்டிருந்த வைக்கோல் மேல் ஓட்டியதிலிருந்து கைப்பிரேக் இறங்க மறுக்கிறது. (வாசகர், மன்னார்குடி)

பதில்: எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சுற்றிய வைக்கோல் பக்கத்துக் கேபிளையும் சேர்த்து இழுத்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, சைலன்ஸர் ஆறியபின் கத்தியால் அறுத்து எடுங்கள். சைலன்ஸரில் ஒட்டிய வைக்கோல் தீப்பிடிக்கும், அதையும் விடாதீர்கள். கேபிள் தன் கொக்கியில் இருக்கிறதா, ஆக்சில் மேல் போகும் பிரேக் பைப் நசுங்கியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: இழுத்து வைத்த லீவர் தானாக விழுகிறது. (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: லீவரை இழுத்த இடத்தில் நிறுத்தும் ராட்செட் பல்லோ அதில் மாட்டும் கொக்கியோ மழுங்கிவிட்டது, அல்லது பட்டன் ஸ்பிரிங் பலமிழந்துவிட்டது. அழுக்கை மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். முனை உருண்டிருந்தால் அரம் போட்டு ஏமாற்றாமல் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வேலை முடியும்வரை கியரிலும் கட்டையிலும்தான் வண்டியை நிறுத்த வேண்டும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை முழுவதும் காரை எடுக்க மாட்டோம். கைப்பிரேக் போட்டு வைக்கலாமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: கூடாது. அடைமழை ஈரத்தில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் வந்திருந்தால் நிறுத்தும் முன் சிறிது தூரம் காலால் லேசாகப் பிரேக்கை அழுத்தியபடி ஓட்டி ஈரத்தைப் போக்குங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் கியரில் போட்டு வலிந்து இழுக்காதீர்கள். ரிவிட்டிலிருந்து லைனிங் பிய்ந்துவிடும். கேபிளையும் அட்ஜஸ்டரையும் தளர்த்தி, டிரம் விளிம்பில் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டினால் விட்டுவிடும்.